அப்பா சொல்லும் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 23 வயது. ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பத்து மாதங்களாக வேலை பார்க்கிறேன். ஆண்டுக்கு 4.2 லட்சம் ரூபாய் சம்பளம். அப்பா நூற்பாலையில் வாரச் சம்பளத்துக்குப் போகிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. வேலை உத்தரவு வந்த அன்றே வீட்டுக்கு மாதம் 12,000 தருவதாகச் சொல்லிவிட்டேன், அப்படியே அனுப்பியும் வருகிறேன். அதில் 2,000 ரூபாயை அம்மா என் பெயரில் நகைக்கடைச் சீட்டில் கட்டுகிறார். எட்டு மாதம் கட்டியாயிற்று. விடுதிக்குச் சாப்பாட்டோடு 8,500, கல்விக்கடன் தவணை 3,860, பஸ், ஷேர் ஆட்டோ 1,800, செல்போன் தவணை 2,000 (இன்னும் இரண்டு பாக்கி), சித்தப்பா போட்டுக்கொடுத்த 20 ஆண்டு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிக்கு 1,500, ரீசார்ஜ் 350. மாதக் கடைசியில் கிரெடிட் கார்டுதான். அதில் இப்போது 46,800 நிலுவை. குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அறைத்தோழி மாதம் 3,000 எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் முதலீடு) போடுகிறாள். சம்பளத்தை 50-30-20 என்று பிரிக்கச் சொல்கிறார்கள், எனக்குத் தேறவில்லை. செல்போன் ஆப் ஒன்றில் கடன் வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு நானும் எஸ்.ஐ.பி. தொடங்கலாமா? பணத்தைக் கையாள எங்கே கற்றுக்கொள்வது? வீட்டில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது. என்னிடம் இருக்கும் ஒரே சொத்து, பட்டம் வாங்கியபோது அப்பா போட்ட ஒன்றரைப் பவுன் சங்கிலி. அவர் ஊரில் எல்லோரிடமும் "மகளுக்கு 35,000 சம்பளம்" என்று சொல்லிவைத்திருக்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரியை எடுத்துக்கொள்கிறேன். அப்பா ஊரில் சொல்லும் 35,000. பத்து மாதங்களாக நீங்கள் அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறீர்கள். அந்தப் பணம் ஒரு மாதம்கூட உங்கள் கணக்குக்கு வந்ததில்லை.

கடிதத்தோடு அனுப்பியிருந்த சம்பளச் சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 4,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் 35,000 வருகிறது. அப்பாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. சி.டி.சி. என்கிறார்களே, அதுதான். அதில் மாதம் 2,500 என்று காட்டியிருப்பது ஊக்கத்தொகை. ஆண்டுக்கு ஒரு முறை, உங்கள் வேலையையும் நிறுவனத்தின் நிலையையும் பார்த்து, முழுதாகவோ குறைத்தோ தருவார்கள். 842 ரூபாய் பணிக்கொடைக்கு. பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது உங்களுக்குச் சேரும். 500 ரூபாய் குழு மருத்துவக் காப்பீடு. 1,800 ரூபாய் வருங்கால வைப்பு நிதியில் நிறுவனத்தின் பங்கு. இவை போக மிஞ்சுவது 29,358. அதிலிருந்து வைப்பு நிதிக்கு உங்கள் பங்காக இன்னொரு 1,800, தொழில்வரியாக 208 பிடிக்கிறார்கள். கைக்கு வருவது 27,350.

35,000-க்கும் இதற்கும் நடுவில் 7,650 ரூபாய் பள்ளம். வீட்டுக்கு 12,000 என்று நீங்கள் ஒப்புக்கொண்டது வேலை உத்தரவு வந்த அன்று. சம்பளச் சீட்டு எப்படி இருக்கும் என்பதே அப்போது உங்களுக்குத் தெரியாது. 35,000 வாங்குகிறவளுக்கு 12,000 என்பது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 27,350 வாங்குகிறவளுக்கு அது நூற்றுக்கு 44.

நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினேன். 30,010 வருகிறது. அதாவது மாதம் பிறக்கும்போதே 2,660 ரூபாய் துண்டு. கார்டுக்குக் கட்டும் குறைந்தபட்சத் தொகை 2,340-ஐயும் சேர்த்தால் சரியாக 5,000. இதில் ஒரு டீ இல்லை, சோப்பு இல்லை, ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் இல்லை. கார்டு அறிக்கையின் நகலையும் வரி வரியாகப் பார்த்தேன். மருந்துக்கடை, மளிகைக்கடை, தீபாவளிக்குத் தம்பிக்கு ஒரு சட்டை, இரண்டு முறை பிரியாணி. உங்களை ஊதாரி என்று சொல்வதற்கு அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் "எனக்குச் சிக்கனம் வரவில்லை" என்று மூன்று இடங்களில் எழுதி அடித்திருக்கிறீர்கள்.

எனக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வங்கியில் சேர்ந்த புதிதில் என் சம்பளத்தைப் பிடித்தங்களுக்கு முந்தைய தொகையாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார். அதன் பிறகு குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. இடையில் விழுந்த துண்டை ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடனில் அடைத்தேன். மூன்று ஆண்டுகள். மற்றவர்களின் கடன் விண்ணப்பங்களைப் பகலெல்லாம் சரிபார்த்துவிட்டு, சாயங்காலம் என் கடனை நானே எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. கோபம் உங்கள் மேல் இல்லை.

இனி அந்த நகைக்கடைச் சீட்டு. பணம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள். நீங்கள் 12,000 அனுப்புகிறீர்கள். அம்மா அதில் 2,000 எடுத்து, உங்கள் பெயரிலேயே, உங்கள் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டுகிறார். இங்கே அதே 2,000 இல்லாமல் நீங்கள் கார்டைத் தேய்க்கிறீர்கள். அந்தக் கார்டு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடுகிறது. அதாவது அம்மா உங்களுக்கென்று சேர்க்கும் தங்கத்தை நீங்களே மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்கி வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இது அம்மாவுக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்து உங்களுக்கும் இந்த நிமிடம் வரை தெரியாது.

"மூன்றரை வட்டி" என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். "ஆண்டுக்கு 42 சதவீதம்" என்று அறிக்கையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பது உங்கள் அப்பாவுக்குப் புரியாமல் போகலாம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். இரண்டு வட்டிக்கு வாங்கினாலே ஊரில் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். வாரச் சம்பளத்தில் பிள்ளைகள் இரண்டு பேரைப் படிக்கவைத்த வீட்டில் "யாருக்கும் இதெல்லாம் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் கார்டு தெரியாது. வட்டி நன்றாகத் தெரியும்.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கடந்த மாத அறிக்கையின்படி 46,800-க்கு வட்டி 1,638 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 295 ரூபாய். ஆக 1,933. நீங்கள் கட்டியது 2,340. கடன் குறைந்தது 407 ரூபாய். அந்த 407-ஐயும் அடுத்த வாரமே மருந்துக்கடையில் தேய்த்துவிட்டீர்கள். இன்னொன்றும் உண்டு. நிலுவையை முழுதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான் வட்டியில்லாத நாட்கள். பாக்கி வைத்துவிட்டால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகை கட்டினால் தாமதக் கட்டணம் வராது, தவணை தவறியவர் என்ற பதிவு விழாது. அதோடு அதன் உபகாரம் முடிந்தது.

கார்டை அடைக்க ஆப் கடன் வேண்டாம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கென்று விதிகள் கொண்டுவந்தது: கடன் கொடுக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ தன் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும், மொத்தச் செலவையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும், உங்கள் செல்போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. தோழி அனுப்பிய அந்த ஆப், தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடுங்கள். ஏற்கனவே யாராவது சிக்கி மிரட்டலுக்கு ஆளாகியிருந்தால், சைபர் குற்ற உதவி எண் 1930.

உங்களிடம் இதைவிட நல்ல வழி இருக்கிறது. கழுத்தில் கிடக்கிறது.

ஒன்றரைப் பவுன் சங்கிலிக்கு, இன்று தங்கம் விற்கும் விலையில், பொதுத்துறை வங்கியில் 47,000 ரூபாய் நகைக்கடன் தாராளமாகக் கிடைக்கும். வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீதம் அளவில் இருக்கும். பத்து என்றே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 400 ரூபாய்க்குள். இப்போது கார்டுக்கு அழும் 1,933 எங்கே, இந்த 400 எங்கே. கடன் அதே கடன்தான், ஆனால் மூன்றரை வட்டியிலிருந்து முக்கால் வட்டி சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அடகுக்கடைக்குப் போகாதீர்கள், உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள், ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். சங்கிலியைக் கழற்ற மனமே இல்லை என்றால், கார்டு நிலுவையை மாதத் தவணையாக மாற்றித்தரச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். கார்டு வட்டியைவிடக் குறையும், நகைக்கடன் வட்டிக்கு இறங்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நகைக்கடனில் கார்டை அடைத்துவிட்டு, "அப்பாடா, கார்டு காலியாகிவிட்டது" என்று மறுபடி தேய்க்கத் தொடங்கினால், ஆறு மாதத்தில் சங்கிலியும் வங்கியில் இருக்கும், கார்டிலும் 40,000 நிற்கும். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதவர்கள் பலர் இந்த வகைதான். அதனால் துண்டு விழுவதை நிறுத்தாமல் சங்கிலியைத் தொடாதீர்கள். துண்டை நிறுத்த ஒரே இடம்தான் இருக்கிறது. அதை நீங்கள் தவிர்த்துக்கொண்டே வருகிறீர்கள்.

வீட்டில் சொல்லுங்கள். போனில் வேண்டாம், போனில் பேசினால் "வேலைக்கு ஏதும் ஆபத்தா?" என்றுதான் முதல் கேள்வி வரும். நேரில் போய், சம்பளச் சீட்டை அப்பாவின் கையில் கொடுத்து, 27,350 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும், சீட்டுக் கட்டுகிறவர் அவர்தான். பிறகு கார்டு அறிக்கை. மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசாதீர்கள். நீங்கள் எதையும் ஒளித்துச் செலவழிக்கவில்லை. ஒரு எண்ணைத் திருத்தாமல் விட்டீர்கள்.

அதே நேரத்தில் நீங்களும் ஒன்று கேட்க வேண்டும். மாதம் 12,000-ல் சீட்டு போக மீதி 10,000 என்ன ஆகிறது? பத்து மாதத்தில் ஒரு முறையும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பு. தம்பியின் டியூஷன் கட்டணமா, வீட்டு வாடகையா, அல்லது அப்பா உங்கள் படிப்புக்காக வெளியில் வாங்கி இன்னும் அடையாத ஒரு ஐந்து வட்டிக் கடனா? கடைசியில் சொன்னதாக இருந்தால் நான் மேலே எழுதியதெல்லாம் மாறும். அப்போது சங்கிலியை அடகு வைத்து முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கடன், பிறகுதான் கார்டு. அதிக வட்டிக் கடன் யார் பெயரில் இருந்தாலும் அதுதான் வரிசையில் முதலில் வரும். ஒரே வீட்டுப் பணம் தானே.

அப்படி எதுவும் இல்லையென்றால், என் கணக்கு இது. நகைக்கடைச் சீட்டை இத்துடன் நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் என்ன என்று சீட்டு அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கும். பெரும்பாலும் கடைசியில் கிடைக்கும் சலுகை போகும், கட்டிய தொகைக்கு நகை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு இரண்டு மாதங்கள் 6,000 அனுப்புங்கள். விடுதி, பயணம், ரீசார்ஜ், கல்விக்கடன், செல்போன், பாலிசி எல்லாம் 18,010. கைச்செலவுக்கு 2,500. மீதி 840 நகைக்கடனுக்கு. மூன்றாம் மாதத்திலிருந்து செல்போன் தவணையும் பாலிசியும் நின்றுவிடும் (பாலிசி பற்றிக் கீழே சொல்கிறேன்). 3,500 ரூபாய் விடுபடும். அதில் 1,500-ஐ வீட்டுக்குக் கூட்டி 7,500 அனுப்புங்கள், 2,000-ஐ நகைக்கடனில் சேருங்கள். ஆண்டுக் கடைசியில் வரும் ஊக்கத்தொகையில் இருபதாயிரம் கைக்கு வந்தாலே, பன்னிரண்டு மாதத்தில் சங்கிலி அநேகமாக மீண்டுவிடும்.

10,000 வந்த வீட்டுக்கு 6,000 என்பது வலிக்கும். எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இந்தத் தொகையை நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து பேசி 7,000 என்று முடிவுசெய்தால், கைச்செலவைக் குறைத்துக்கொண்டு ஏழாயிரமே அனுப்புங்கள். பேசாமல் 12,000 அனுப்புவதுதான் கூடாது. 50-30-20 கணக்கு உங்களுக்குத் தேறாததற்கும் இதுதான் காரணம். தேவைக்குப் பாதி, விருப்பத்துக்கு முப்பது, சேமிப்புக்கு இருபது என்று பிரித்தவர்களின் தாளில் "ஊருக்கு அனுப்புவது" என்று ஒரு வரி கிடையாது.

சித்தப்பாவின் பாலிசிக்கு வருகிறேன். ஆண்டுக்கு 18,000 கட்டி, காப்புத் தொகை 3.5 லட்சம் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்தவர்களுக்கு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு தானாகவே உண்டு. அதற்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தம் இல்லை, நிறுவனம் கட்டுகிறது. தொடர்ந்து 12 மாதமாவது வேலை பார்த்த உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால், கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல 35 மடங்கு குடும்பத்துக்குக் கிடைக்கும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் அதிகபட்சம் 15,000. உங்கள் அடிப்படைச் சம்பளம் 17,500 என்பதால் 5.25 லட்சம் வரும், வைப்பு நிதி இருப்பில் ஒரு பகுதி அதற்கு மேல். ஆக, சித்தப்பா விற்ற காப்பைவிடப் பெரிய காப்பு, இன்னும் இரண்டு மாதத்தில் ஓராண்டு முடிந்ததும், உங்களுக்குத் தானாகவே வந்துவிடும். வேலையை விட்டால் அது போய்விடும் என்பதால், வங்கியில் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா (ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் ஆயுள் காப்பு), சுரக்ஷா பீமா (ஆண்டுக்கு 20 ரூபாய், 2 லட்சம் விபத்துக் காப்பு) இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கடன் முடிந்ததும் டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், ஆயுள் காப்புக்கு மட்டும் கட்டுவது) பார்க்கலாம்.

இந்தப் பாலிசியை இன்றே நிறுத்தாதீர்கள். பத்து மாதம் கட்டியிருக்கிறீர்கள். 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒரு முழு ஆண்டுப் பிரீமியம் கட்டி, முதல் ஆண்டு முடிந்திருந்தால் சரண்டர் மதிப்பு என்று ஒரு தொகை உண்டு; அதற்குள் நிறுத்தினால் கட்டியது முழுக்கப் போகும். இன்னும் இரண்டு தவணைதான். கட்டிவிட்டு, எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் கட்டுவதைவிட அந்த நட்டம் சிறியது. சித்தப்பா வருத்தப்படுவார். பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவே பேசிக்கொள்ளட்டும். எல்லாச் சங்கடத்தையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

தோழியின் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யைப் பார்த்து ஏங்குகிறீர்கள். உங்கள் வைப்பு நிதிக் கணக்கைத் திறந்து பார்த்ததுண்டா? உங்கள் பங்கு 1,800. நிறுவனத்தின் 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 550 உங்கள் கணக்குக்கு. மாதம் 2,350. பத்து மாதத்தில் 23,500, வட்டி தனி. 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். தோழிக்கும் உங்களுக்கும் இருக்கும் தூரம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. யு.ஏ.என். என்ற உங்கள் வைப்பு நிதி உறுப்பினர் எண்ணைச் செயல்படுத்தி, நியமனதாரராக அப்பா, அம்மா பெயரைப் பதிவுசெய்யுங்கள். திருமணமானால் அந்தப் பதிவு செல்லாது, புதிதாகப் போட வேண்டும். வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்.ஐ.பி. நல்ல பழக்கம்தான். மூன்றரை வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு பங்குச்சந்தையில் பணம் போடுவது மட்டும் வேண்டாம். சங்கிலி திரும்பியதும் முதலில் இரண்டு மாதச் சம்பளம் அளவுக்கு வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள், ஃபண்டு பற்றிப் பேசுவோம்.

எங்கே கற்றுக்கொள்வது என்று கேட்டீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு வார இறுதியில் நடத்தும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. இந்த மாதம் மூன்று தாள்களைக் கடைசி வரி வரை படியுங்கள்: கார்டு அறிக்கை, கல்விக்கடன் ஒப்பந்தம், பாலிசிப் பத்திரம். கல்விக்கடன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கும்; அவர் இணைக் கடன்தாரர். எந்த மாதம் எது தவறினாலும் இது தவறக்கூடாது, தவறினால் அவருடைய பதிவும் கெடும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள், நீங்கள் வாங்காத கடன் ஏதும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் தெரியும்.

இன்னொரு வேலை, தேதிகளைச் சீராக்குவது. சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது. கல்விக்கடன் 5, செல்போன் 7, கார்டு 18. எல்லாம் ஒரே கணக்கிலிருந்து போவதால், 18-ஆம் தேதி வரை கணக்கில் கிடக்கும் பணம் உங்களுடையது போலவே தெரிகிறது. கல்லூரி நாட்களில் திறந்த பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைக் கைச்செலவுக் கணக்காக்குங்கள். சம்பளம் வந்த அன்றே 2,500-ஐயும் பயணச் செலவையும் அதற்கு மாற்றி, யு.பி.ஐ.யை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்துவிடுங்கள். சம்பளக் கணக்கை யு.பி.ஐ.யிலிருந்து நீக்குங்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்து பணம் பத்தவில்லை என்று வந்தால், அந்த மாதத்துக்கு டீ முடிந்தது என்று அர்த்தம்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதை அம்மாவிடமும் கேளுங்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் வந்ததும் அதை அரிசி, பால், பள்ளிக்கூடம் என்று தனித்தனியாக எடுத்து வைத்துப் பழகியவர் அவர். நான் மேலே இரண்டு கணக்கு என்று எழுதியதை அவர் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கக்கூடும். அஞ்சறைப் பெட்டியிலோ, புடவை அடுக்கிலோ.

ஊருக்குப் போகப் பொதிகை ரயிலில் டிக்கெட் எடுக்கும்போது, திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்துப் பதிவுசெய்துவிடுங்கள். கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணம் உங்கள் 2,500-ஐ ஒரே இரவில் தின்றுவிடும். சங்கிலியை வீட்டில் சொல்லாமல் கழற்ற வேண்டாம். வெறுங்கழுத்தை அம்மா வாசலிலேயே பார்த்துவிடுவார், பிறகு நீங்கள் சொல்ல வந்தது காதில் விழாது. பேசி முடித்துத் திரும்பிய பிறகு, ஆதாரும் பானும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். மதிப்பீட்டாளர் இருக்கும் நேரத்தைப் போனில் கேட்டுக்கொள்வது நல்லது. சனிக்கிழமைதான் முடியும் என்றால் முதல் அல்லது மூன்றாம் சனியாகப் பாருங்கள். இரண்டாம், நான்காம் சனி வங்கி விடுமுறை.